சிறுவர் சிற்றணிக் காற்பந்து (ஐக்கிய அமெரிக்கா)

சிறுவர் சிற்றணிக் காற்பந்து என்பது பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுவர் சிறுமியரின் உடல் அளவுக்கும் மன வளர்ச்சிக்கும் ஏற்ப ஆட்டக்காரர் எண்ணிக்கை, ஆடுகளம், கோல், பந்து, ஆட்ட நேரம் ஆகியவை குறைக்கப்பட்ட காற்பந்து வடிவம் ஆகும். அணிக்குப் பதினொருவர் ஆடும் வழக்கமான ஆட்டத்துக்கு மாறாக, இதில் அணிக்கு நால்வர், எழுவர் அல்லது ஒன்பதின்மர் ஆடுகின்றனர். ஐக்கிய அமெரிக்காவில் காற்பந்து 'சாக்கர்' என அழைக்கப்படுகிறது. அங்கு இவ்வடிவத்துக்கான தரங்களை ஐக்கிய அமெரிக்கக் காற்பந்துக் கூட்டமைப்பு 2015 ஆம் ஆண்டில் அறிவித்தது. 2016 ஆகத்து முதல் இவை பரிந்துரையாகவும், 2017 ஆகத்து முதல் கட்டாய விதிகளாகவும் நடைமுறைக்கு வந்தன.

இக்கட்டுரை பொழுதுபோக்குப் பிரிவில் பின்பற்றப்படும் விதிகளையும் அவற்றுக்கான காரணங்களையும் விளக்குகிறது. பொழுதுபோக்குப் பிரிவு என்பது தேர்வு ஆட்டம் எதுவும் இன்றி, பெயர் பதிவு செய்யும் எல்லாச் சிறுவரையும் சேர்த்துக்கொள்ளும் பிரிவு ஆகும். இதன் பயிற்றுநர்களில் பெரும்பாலோர் ஊதியம் பெறாத பெற்றோர்களே.

## பின்னணி

பெரியவர்களுக்கான காற்பந்துக் களம் பொதுவாக 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்டது. கோல் கம்பங்களுக்கு இடையே 7.32 மீட்டர் இடைவெளி இருக்கும். குறுக்குக் கம்பம் தரையிலிருந்து 2.44 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஆறு வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ 115 செ.மீ. மட்டுமே. அக்குழந்தையைப் பெரியவர்களின் கோலுக்கு முன் நிறுத்தினால், கையை உயர்த்திக் குதித்தாலும் குறுக்குக் கம்பத்தைத் தொட இயலாது. பந்தைத் தலைக்கு மேலே தூக்கி உதைத்தாலே கோல் விழும். இத்தகைய ஆட்டத்தில் திறமையைவிட உடல் வலிமையே வெற்றியைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவது சிக்கல் பந்தைப் பற்றியது. களத்தில் எத்தனை பேர் இருந்தாலும் பந்து ஒன்றுதான். 40 நிமிட ஆட்டத்தில் 22 பேருக்கும் பந்து சமமாகக் கிடைப்பதாகக் கொண்டால் ஒருவருக்குக் கிடைப்பது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. எட்டுப் பேர் ஆடினால் அதே கணக்கில் ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும். நடைமுறையில் பந்து ஒருபோதும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. வலிமையான இரண்டு மூன்று பேர் பந்தை வைத்திருக்க, மற்றவர்கள் தொலைவில் நின்று வேடிக்கை பார்ப்பர். பந்தைத் தொடாத குழந்தை பந்தைக் கையாளக் கற்பதில்லை; அதன் ஆர்வமும் விரைவில் குறைகிறது. சிற்றணி விதிகள் இக்குழந்தையை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை எனலாம்.

மூன்றாவது சிக்கல் அறிவு வளர்ச்சி சார்ந்தது. ஓர் அணியில் உள்ள ஆட்டக்காரர் இருவருக்கு இடையே பந்து கைமாறக்கூடிய இணைப்புகளைக் கணக்கிட்டால், நால்வர் அணியில் 6 இணைப்புகளும், எழுவர் அணியில் 21 இணைப்புகளும், ஒன்பதின்மர் அணியில் 36 இணைப்புகளும், பதினொருவர் அணியில் 55 இணைப்புகளும் உள்ளன. ஆறு அல்லது ஏழு வயதுக் குழந்தை தன்னையும் பந்தையும் மட்டுமே கவனிக்கக்கூடியது. களத்தில் உள்ள எல்லாரும் பந்தைச் சூழ்ந்து தேனீக்கூட்டம் போல ஓடுவது இவ்வயதில் இயல்பு. எனவே இணைப்புகள் குறைவாக உள்ள ஆட்டத்தில் தொடங்கி, வயது ஏற ஏறச் சிக்கலான ஆட்டத்துக்குச் செல்வதே இவ்விதிகளின் அடிப்படை.

## வரலாறு

தெருவிலும் காலி இடங்களிலும் கிடைத்த எண்ணிக்கையில் அணி பிரித்து ஆடுவது காற்பந்து பரவிய நாடுகள் எல்லாவற்றிலும் இருந்த வழக்கம். அதனை முறையான பயிற்சியாக மாற்றும் முயற்சிகளில் நெதர்லாந்தின் நால்வர் ஆட்டம் குறிப்பிடத்தக்கது. 1980களில் அந்நாட்டில் சிறுவர் பயிற்சிக்கு நால்வருக்கு நால்வர் என்ற ஆட்டம் வலியுறுத்தப்பட்டது. தெருவில் ஆடிக் கற்கும் வாய்ப்பு நகரங்களில் குறைந்துவந்ததால், அதே அனுபவத்தைக் கழகங்களில் தருவது இதன் நோக்கமாக இருந்தது.

ஐக்கிய அமெரிக்காவில் சிறுவர் காற்பந்தைப் பரப்பியதில் தன்னார்வ அமைப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1964 ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலத்தின் டாரன்சு நகரில் அமெரிக்க இளையோர் காற்பந்து அமைப்பு (ஏ.ஒய்.எஸ்.ஓ.) தொடங்கப்பட்டது. 'எல்லாரும் ஆடுவர்' என்பது இதன் முதன்மைக் கொள்கை. இதன்படி அணியில் உள்ள ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரம் களத்தில் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் அணிகளை வலிமையில் சமமாகப் பிரித்தல், எவரையும் திறமை பார்க்காமல் சேர்த்தல் ஆகியவையும் இதன் கொள்கைகள். 1974 ஆம் ஆண்டில் தோன்றிய யூ.எஸ். யூத் சாக்கர் என்ற அமைப்பு மாநிலச் சங்கங்கள் வழியாக இயங்குகிறது.

2016 ஆம் ஆண்டுக்கு முன்னர் யூ.எஸ். யூத் சாக்கர் அமைப்பு ஆறு வயதுக்கு உட்பட்டோருக்கு மூவர் ஆட்டம், எட்டு வயதுக்கு உட்பட்டோருக்கு நால்வர் ஆட்டம், பத்து வயதுக்கு உட்பட்டோருக்கு அறுவர் ஆட்டம், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு எண்மர் ஆட்டம் ஆகியவற்றைப் பரிந்துரைத்து வந்தது. இவை பரிந்துரைகள் மட்டுமே என்பதால் நாடெங்கும் ஒரே சீராகப் பின்பற்றப்படவில்லை. கூட்டமைப்பு 2015 இல் அறிவித்த தரங்கள் இவற்றை நால்வர், எழுவர், ஒன்பதின்மர் என்ற மூன்று படிகளாக ஒழுங்குபடுத்தின.

## மூன்று படிகள்

கூட்டமைப்பின் தரங்கள் கீழ்க்கண்ட அட்டவணையில் தரப்பட்டுள்ளன. மூல விதிகள் கெசம், அடி ஆகிய அளவுகளில் உள்ளன. இங்கு அவை மீட்டருக்கு மாற்றப்பட்டு முழுமையாக்கப்பட்டுள்ளன.

| கூறு | 6, 7, 8 வயதுக்கு உட்பட்டோர் | 9, 10 வயதுக்கு உட்பட்டோர் | 11, 12 வயதுக்கு உட்பட்டோர் |
|---|---|---|---|
| அணிக்கு ஆட்டக்காரர் | 4 | 7 | 9 |
| கோல் காப்பாளர் | இல்லை | உண்டு | உண்டு |
| களத்தின் நீளம் | 23 - 32 மீ | 50 - 59 மீ | 64 - 73 மீ |
| களத்தின் அகலம் | 14 - 23 மீ | 32 - 41 மீ | 41 - 50 மீ |
| கோலின் உயர வரம்பு | 1.22 மீ | 1.98 மீ | 2.13 மீ |
| கோலின் அகல வரம்பு | 1.83 மீ | 5.64 மீ | 6.40 மீ |
| பந்தின் அளவு எண் | 3 | 4 | 4 |
| ஆட்ட நேரம் | 10 நிமிடக் கால்பகுதிகள் 4 | 25 நிமிடப் பாதிகள் 2 | 30 நிமிடப் பாதிகள் 2 |
| ஆஃப்சைடு விதி | இல்லை | உண்டு | உண்டு |
| பில்டு அவுட் கோடு | இல்லை | உண்டு | இல்லை |

பதின்மூன்று வயதுக்கு உட்பட்டோர் பிரிவிலிருந்து அணிக்குப் பதினொருவர் ஆடும் முழு ஆட்டம் தொடங்குகிறது.

அட்டவணையில் உள்ள பெரும அளவுகளைக் கொண்டு ஒருவருக்குக் கிடைக்கும் பரப்பைக் கணக்கிடலாம். நால்வர் ஆட்டத்தில் ஒருவருக்கு ஏறத்தாழ 92 சதுர மீட்டரும், எழுவர் ஆட்டத்தில் 173 சதுர மீட்டரும், ஒன்பதின்மர் ஆட்டத்தில் 203 சதுர மீட்டரும் கிடைக்கின்றன. முழுக் களத்தில் இது ஏறத்தாழ 325 சதுர மீட்டர் ஆகும். அதாவது களம் சுருங்குவது ஆட்டக்காரர் குறைவதனால் மட்டும் அன்று. ஒரு குழந்தை ஓடிக் கடக்க வேண்டிய பரப்பும் வயதுக்கேற்பக் குறைக்கப்பட்டுள்ளது.

இம்முறையில் இடச் சிக்கனமும் உண்டு. ஒரு முழுக் களத்தில் 22 பேர் மட்டுமே ஆட முடியும். அதே களத்தில் போதிய இடைவெளி விட்டு நால்வர் ஆட்டக் களங்கள் ஆறு அமைத்தால் ஒரே நேரத்தில் 48 குழந்தைகள் ஆடலாம். பொதுப் பூங்காக்களையும் பள்ளி மைதானங்களையும் பகிர்ந்து பயன்படுத்தும் கழகங்களுக்கு இது பயனுள்ளது.

### பந்து

பெரியவர்கள் ஆடும் 5 ஆம் எண் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ.; எடை 410 முதல் 450 கிராம். 4 ஆம் எண் பந்தின் சுற்றளவு 63.5 முதல் 66 செ.மீ.; எடை 350 முதல் 390 கிராம். 3 ஆம் எண் பந்து இதனினும் சிறியது; அதன் சுற்றளவு ஏறத்தாழ 58 முதல் 60 செ.மீ. சிறிய காலால் பெரிய பந்தை உதைக்கும்போது குழந்தை உள்ளங்காலின் பக்கவாட்டைப் பயன்படுத்தாமல் விரல் நுனியால் குத்தி உதைக்கப் பழகிவிடும். பந்து சிறியதாக இருந்தால் சரியான உதை முறையைத் தொடக்கத்திலேயே கற்கலாம்.

## நால்வர் ஆட்டத்தின் விதிகள்

இப்படியில் விதிகள் மிகக் குறைவு. ஆட்டத்தை இடையறாது நடக்க விடுவதே நோக்கம்.

* கோல் காப்பாளர் கிடையாது. கோல் சிறியது என்பதால் அதற்கு முன் ஒருவர் நிரந்தரமாக நின்றால் கோல் அடிக்க வழியிருக்காது. எனவே பல கழகங்கள் அவ்வாறு ஒருவரை நிறுத்துவதைத் தடை செய்கின்றன. நிற்கும் குழந்தை ஆட்டத்தை இழக்கிறது என்பதும் இதற்கு ஒரு காரணம்.
* ஆஃப்சைடு விதி கிடையாது. ஆஃப்சைடைப் புரிந்துகொள்ளப் பந்து, எதிரணிக் கடைசித் தடுப்பாளர், தன் இடம் ஆகிய மூன்றையும் ஒரே கணத்தில் கவனிக்க வேண்டும். இது ஆறு வயதுக் குழந்தைக்கு இயலாதது.
* தனி உதைகள் எல்லாம் மறைமுகத் தனி உதைகளே. அதாவது உதைத்தவரின் பந்து மற்றொருவர் மீது பட்ட பின்னரே கோல் கணக்கில் கொள்ளப்படும். எதிரணியினர் ஏறத்தாழ 3 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.
* தண்ட உதை கிடையாது.
* பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தைக் கையால் எறிவதற்குப் பதிலாகக் காலால் உதைத்தோ உருட்டிச் சென்றோ உள்ளே கொணர்வதைப் பல கழகங்கள் பின்பற்றுகின்றன. பந்தைத் தலைக்குப் பின்னிருந்து இரு கைகளாலும், இரு கால்களும் தரையில் இருக்க எறிவது இவ்வயதில் கடினம். ஒவ்வொரு தவறுக்கும் ஆட்டத்தை நிறுத்தினால் நேரம் வீணாகும்.
* ஆட்டக்காரரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். வெளியேறியவர் மீண்டும் உள்ளே வரலாம்.

பெரும்பாலான இடங்களில் இப்படிக்குத் தனி நடுவர் இல்லை. பயிற்றுநரோ பெற்றோர் ஒருவரோ ஆட்டத்தைக் கவனித்துக்கொள்வார். தவறு செய்த குழந்தைக்குத் தண்டனையைவிட விளக்கமே தரப்படுகிறது. ஓர் அணி மிகவும் பின்தங்கினால் அதற்குக் கூடுதலாக ஓர் ஆட்டக்காரரைச் சேர்க்கும் வழக்கமும் சில கழகங்களில் உண்டு.

## எழுவர் ஆட்டமும் பில்டு அவுட் கோடும்

ஒன்பது, பத்து வயதுக்கு உட்பட்டோர் பிரிவுகளில் கோல் காப்பாளர், ஆஃப்சைடு, நேர்முகத் தனி உதை, தண்ட உதை ஆகியவை அறிமுகமாகின்றன. தனி உதையின்போது எதிரணியினர் ஏறத்தாழ 7.3 மீட்டர் (8 கெசம்) தள்ளி நிற்க வேண்டும். இப்படிக்கே உரிய சிறப்புக் கூறு பில்டு அவுட் கோடு ஆகும்.

பில்டு அவுட் கோடு என்பது தண்டப் பரப்பின் முன்கோட்டுக்கும் நடுக்கோட்டுக்கும் சரி நடுவில், களத்தின் குறுக்கே இருபுறமும் இடப்படும் கோடு. தற்காப்பிலிருந்து ஆட்டத்தைப் படிப்படியாகக் கட்டி எழுப்ப உதவுவதால் இப்பெயர் பெற்றது. இது பின்வருமாறு செயற்படுகிறது.

1. கோல் காப்பாளர் பந்தைக் கையில் பிடித்தவுடன் எதிரணியினர் அனைவரும் பில்டு அவுட் கோட்டுக்குப் பின்னால் செல்ல வேண்டும். கோல் உதையின்போதும் இவ்வாறே.
2. அவர்கள் விலகிய பின் கோல் காப்பாளர் பந்தைத் தம் அணியினர் ஒருவருக்கு உருட்டலாம், எறியலாம் அல்லது தரையில் வைத்து உதைக்கலாம். அவர்கள் விலகும் முன்னரே பந்தை விடுவிக்கவும் அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அதன் விளைவை அவரே ஏற்க வேண்டும்.
3. பந்து ஆட்டத்துக்கு வந்தவுடன் எதிரணியினர் கோட்டைக் கடந்து வரலாம்.
4. கோல் காப்பாளர் கையிலிருந்து பந்தை விட்டு, அது தரையைத் தொடும் முன்னரோ தொட்டு எழும்போதோ உதைப்பது தடை செய்யப்பட்டுள்ளது. மீறினால் எதிரணிக்கு மறைமுகத் தனி உதை வழங்கப்படும்.

இக்கோடு இல்லாத ஆட்டத்தில், கோல் காப்பாளர் பந்தை வைத்திருக்கும்போது எதிரணியினர் தண்டப் பரப்பின் விளிம்பிலேயே நெருங்கி நிற்பர். அருகில் உள்ள தோழருக்குப் பந்தைக் கொடுத்தால் உடனே பறிக்கப்படும். எனவே பந்தை முடிந்தவரை தூரமாக உதைப்பதே ஒரே வழியாகிறது. அவ்வாறு உயரப் பறக்கும் பந்து தலையால் முட்டவும் தூண்டுகிறது. கோடும் மேற்கூறிய உதைத் தடையும் சேர்ந்து, தரை வழியே பந்தைக் கொடுத்து வாங்கும் ஆட்டத்தைக் கற்பிக்கின்றன.

ஆஃப்சைடுக்கும் இக்கோடே எல்லையாகும். வழக்கமான ஆட்டத்தில் எதிரணியின் பாதிக்குள் எங்கும் ஆஃப்சைடு ஏற்படலாம். எழுவர் ஆட்டத்திலோ நடுக்கோட்டுக்கும் எதிரணியின் பில்டு அவுட் கோட்டுக்கும் இடையில் நிற்பவர் ஆஃப்சைடுக்காகத் தண்டிக்கப்படுவதில்லை. அக்கோட்டுக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் நிற்பவருக்கே இவ்விதி பொருந்தும். தற்காப்பு அணியினர் நடுக்கோடு வரை முன்னேறி நின்று எதிரணியை ஆஃப்சைடில் சிக்கவைக்கும் உத்தி இதனால் பயனற்றதாகிறது.

## தலையால் முட்டத் தடை

சிற்றணி விதிகளில் மிகுந்த கவனத்தைப் பெற்றது தலையால் பந்தை முட்டுவதற்கான தடை ஆகும். 2014 ஆகத்தில் கலிபோர்னியாவில் பெற்றோர்களும் ஆட்டக்காரர்களும் காற்பந்து அமைப்புகள் மீது வழக்குத் தொடுத்தனர். சிறுவர்களுக்கு ஏற்படும் மூளை அதிர்ச்சியைத் தடுக்கவும் கையாளவும் போதிய விதிகள் இல்லை என்பது அவர்களின் வாதம். இவ்வழக்கின் தீர்வை ஒட்டி 2015 நவம்பரில் கூட்டமைப்பு புதிய பாதுகாப்பு நடவடிக்கைகளை அறிவித்தது. அவற்றின்படி,

* பத்து வயதும் அதற்குக் குறைந்த வயதும் உடையோர் ஆட்டத்திலும் பயிற்சியிலும் தலையால் முட்டக் கூடாது.
* பதினொன்று முதல் பதின்மூன்று வயது வரை உள்ளோர்க்குத் தலையால் முட்டும் பயிற்சி வாரத்துக்கு 30 நிமிடத்துக்கு மிகாமலும், ஒருவருக்கு வாரத்துக்கு 15 முதல் 20 முட்டுகளுக்கு மிகாமலும் இருக்க வேண்டும்.
* மூளை அதிர்ச்சி ஏற்பட்டதாக ஐயம் எழுந்தால் ஆட்டக்காரர் உடனே களத்திலிருந்து வெளியேற வேண்டும். அவரைச் சோதிப்பதற்காகச் செய்யப்படும் மாற்று, மாற்று ஆட்டக்காரர் எண்ணிக்கையில் சேராது.

தடை உள்ள பிரிவில் ஒருவர் வேண்டுமென்றே தலையால் முட்டினால், அந்த இடத்திலிருந்து எதிரணிக்கு மறைமுகத் தனி உதை வழங்கப்படும். முட்டிய இடம் கோல் பரப்புக்குள் இருந்தால், அதற்கு அருகில் உள்ள கோல் பரப்பின் முன்கோட்டிலிருந்து உதைக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, தன் கோலுக்குள் செல்லும் பந்தைத் தடுப்பாளர் ஒருவர் தலையால் முட்டித் தடுத்தாலும் தண்ட உதை கிடையாது. மறைமுகத் தனி உதையே உண்டு. வேண்டுமென்றே என்ற சொல் இங்கு முக்கியமானது. எதிர்பாராமல் பந்து தலையில் பட்டால் அது தவறாகாது. ஆனால் பலமாகப் பட்டிருப்பின் ஆட்டத்தை நிறுத்திக் குழந்தையைக் கவனிப்பது நடுவரின் கடமை.

சிறுவரின் தலை உடலோடு ஒப்பிடப் பெரியது. கழுத்துத் தசைகள் முழு வலிமை பெற்றிருப்பதில்லை. எனவே பந்து மோதும்போது தலை அதிகமாக அசையும் என்பது தடைக்கான உடலியல் காரணமாகக் கூறப்படுகிறது. 2019 அக்டோபரில் கிளாசுகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், இசுக்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறைக் காற்பந்தாட்டக்காரர்கள் நரம்புச் சிதைவு நோயால் இறக்கும் வாய்ப்பு, ஒத்த வயதினரான பொதுமக்களைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்று கண்டறியப்பட்டது. இது பெரியவர்களைப் பற்றியது. பந்தைத் தலையால் முட்டியதே காரணம் என்று இவ்வாய்வு நேரடியாக நிறுவவில்லை. எனினும் இதன் பின்னர் 2020 பிப்ரவரியில் இங்கிலாந்து, இசுக்காட்லாந்து, வட அயர்லாந்து ஆகிய நாடுகளின் சங்கங்கள் தொடக்கப்பள்ளி வயதுச் சிறுவரின் பயிற்சியில் தலையால் முட்டுவதை நீக்கும் வழிகாட்டலை வெளியிட்டன.

## பிற பாதுகாப்பு விதிகள்

முழங்கால் கீழ்க் காப்பு: கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட எலும்பைக் காக்கும் காப்பு எல்லா வயதினருக்கும் கட்டாயம். அதனைக் காலுறை முழுமையாக மூடியிருக்க வேண்டும்.

நகைகள்: தோடு, வளையல், சங்கிலி, மோதிரம் போன்ற நகை எதனையும் அணிந்து ஆட முடியாது. நகையின் மேல் ஒட்டுநாடா சுற்றி மறைப்பதையும் காற்பந்து விதிகள் ஏற்பதில்லை. சமயக் காரணங்களுக்கான தலைமறைப்பு 2014 ஆம் ஆண்டு முதல் பன்னாட்டு விதிகளில் அனுமதிக்கப்பட்டுள்ளது.

கோல் கம்பங்கள்: சிற்றணி ஆட்டத்தில் இடம் மாற்றக்கூடிய கோல்களே பெரும்பாலும் பயன்படுகின்றன. இவை முன்பக்கம் கனமானவை என்பதால் குழந்தைகள் தொங்கினாலோ ஏறினாலோ கவிழக்கூடும். 1979 முதல் 1994 வரை ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய கோல்களால் குறைந்தது 21 பேர் இறந்ததாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1995 இல் வெளியிட்ட வழிகாட்டலில் குறிப்பிட்டது. எனவே கோலின் பின்சட்டத்தைத் தரையில் முளையடித்தோ மணல் மூட்டை வைத்தோ நிலைநிறுத்த வேண்டும். ஆட்டம் முடிந்த பின் முன்பக்கம் தரையில் படுமாறு கவிழ்த்து வைக்கவோ சங்கிலியால் பிணைக்கவோ வேண்டும். ஆட்ட விதிகளை முறையாகப் பின்பற்றும் கழகமும் ஆட்டம் இல்லாத நேரத்தில் இதனை மறந்தால் ஆபத்து ஏற்படும்.

## வயதுப் பிரிவு

'எட்டு வயதுக்கு உட்பட்டோர்' போன்ற பிரிவுகள் குறிப்பிட்ட நாளை எல்லையாகக் கொண்டு வகுக்கப்படுகின்றன. முன்னர் ஆகத்து 1 ஆம் நாள் எல்லையாக இருந்தது. 2015 இல் அறிவிக்கப்பட்ட தரங்கள் இதனைச் சனவரி 1 ஆக, அதாவது பிறந்த ஆண்டின்படி மாற்றின. பன்னாட்டுப் போட்டிகளின் முறையோடு ஒத்துப்போவது இதன் நோக்கம். ஆனால் ஒரே பள்ளி வகுப்பில் படிக்கும் நண்பர்கள் வெவ்வேறு அணிகளுக்குப் பிரிக்கப்பட்டனர். நண்பர்களோடு ஆடுவதற்காகவே வரும் சிறுவரிடம் இது மனக்குறையை ஏற்படுத்தியது. இதனையடுத்து 2026-27 பருவம் முதல் ஆகத்து 1 தொடங்கி சூலை 31 வரையான முறைக்குத் திரும்புவதாக யூ.எஸ். யூத் சாக்கர், ஏ.ஒய்.எஸ்.ஓ. உள்ளிட்ட அமைப்புகள் 2025 இல் அறிவித்தன.

எல்லை நாள் எதுவாயினும் ஒரு சிக்கல் நீடிக்கும். ஒரே பிரிவில் மூத்த குழந்தைக்கும் இளைய குழந்தைக்கும் இடையே ஏறத்தாழ ஓராண்டு வேறுபாடு இருக்கலாம். ஆறு வயதுக் குழந்தைக்கு இது வாழ்நாளின் ஆறில் ஒரு பங்கு. இளைய குழந்தையின் உடல் தளர்வைத் திறமையின்மை எனப் பயிற்றுநர் தவறாகக் கருத வாய்ப்புண்டு. பொழுதுபோக்குப் பிரிவில் தேர்வு ஆட்டம் இல்லாமையும் சம ஆட்ட நேர விதியும் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன.

## மதிப்பெண்ணும் புள்ளிப்பட்டியலும்

இளம் வயதுப் பிரிவுகளில் ஆட்ட முடிவுகளைப் பதிவு செய்யவோ புள்ளிப்பட்டியல் வெளியிடவோ வேண்டாம் என்று பரிந்துரைக்கப்படுகிறது. வெற்றிக்குப் புள்ளி உண்டு என்றால், பயிற்றுநர் வலிமையான குழந்தையை முன்னணியிலும் தயங்கும் குழந்தையை ஓரத்திலும் நிறுத்துவார். கடினமான உத்தியை முயன்று பார்த்துத் தோற்கும் துணிவும் குறையும்.

இதனை எதிர்ப்போரும் உள்ளனர். குழந்தைகள் எப்படியும் கோல்களை எண்ணுகிறார்கள், தோல்வியை ஏற்கக் கற்பதும் விளையாட்டின் பயன் என்பது அவர்களின் வாதம். ஆதரிப்போர் இதற்கு, கோல்களை எண்ணுவது குழந்தைகளின் உரிமை, பருவம் முழுவதும் அதனைப் பட்டியலாக்குவதே பெரியவர்களின் செயல் என்று விடை கூறுகின்றனர். குழந்தைகள் ஆட்டத்தின்போது எண்ணுவதை விதி எதுவும் தடுக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பார்வையாளர் நடத்தையும் இதனோடு தொடர்புடையது. பெற்றோர் கோட்டுக்கு வெளியிலிருந்து 'உதை', 'கொடு', 'ஓடு' என்று ஒரே நேரத்தில் கட்டளையிட்டால் குழந்தை தானாக முடிவெடுக்கக் கற்பதில்லை. இதனால் சில உள்ளூர்க் கழகங்கள் குறிப்பிட்ட நாள்களில் பெற்றோர் கைதட்ட மட்டுமே அனுமதிக்கும் அமைதி ஆட்டங்களை நடத்துகின்றன.

## திறனாய்வு

* பில்டு அவுட் கோடு எதிரணியின் நெருக்கடியைச் செயற்கையாக நீக்குகிறது என்றும், பதினொரு வயதுப் பிரிவில் அது திடீரென மறையும்போது சிறுவர் தடுமாறுகின்றனர் என்றும் கூறப்படுகிறது.
* தலையால் முட்டும் முறையைப் பிந்திக் கற்பதால் தவறான முறையில் முட்டிக் காயமுறுவர் என்று சிலர் அஞ்சுகின்றனர். மென்பந்து கொண்டு பின்னர் படிப்படியாகக் கற்பிக்கலாம் என்பது மறுமொழி.
* எட்டு வயது வரை கோல் காப்பாளர் இல்லாமையால் அத்திறன் பிந்தியே வளரும் என்ற கருத்தும் உண்டு. காலால் பந்தைக் கையாளத் தெரிந்த கோல் காப்பாளரே இன்றைய ஆட்டத்துக்குத் தேவை என்பதால் இது குறையன்று என்போரும் உளர்.
* சிற்றணிகள் என்றால் அணிகளும் மிகுதி. ஆகவே பயிற்றுநர்களும் மிகுதியாக வேண்டும். தன்னார்வலர் குறைந்த ஊர்களில் இது நடைமுறைச் சிக்கலாகிறது.

## பிற நாடுகளில்

இங்கிலாந்து: 1999 இல் சிறுவர்க்கான 'மினி சாக்கர்' அறிமுகமானது. 2012 இல் ஏற்கப்பட்ட மாற்றங்களின்படி 7, 8 வயதுக்கு உட்பட்டோருக்கு ஐவர் ஆட்டமும், 9, 10 வயதுக்கு உட்பட்டோருக்கு எழுவர் ஆட்டமும், 11, 12 வயதுக்கு உட்பட்டோருக்கு ஒன்பதின்மர் ஆட்டமும் வகுக்கப்பட்டன. 2026-27 பருவம் முதல் ஏழு வயதுக்கு உட்பட்டோருக்கு மூவர் ஆட்டம் என்ற திட்டமும் அறிவிக்கப்பட்டது. வேண்டுமென்றே தலையால் முட்டுவதை 11 வயதுக்கு உட்பட்டோர் வரையான ஆட்டங்களில் படிப்படியாக நீக்குவது 2024-25 பருவத்தில் தொடங்கியது.

செருமனி: 2024-25 பருவம் முதல் இளம் வயதினருக்கு இருவர் அல்லது மூவர் கொண்ட அணிகள் நான்கு சிறு கோல்களுடன் ஆடும் முறை கட்டாயமாக்கப்பட்டது. ஓர் அணி இரண்டு கோல்களைக் காத்து இரண்டு கோல்களைத் தாக்கும். ஒரு புறம் கூட்டம் மிகுந்தால் மறுபுறம் திரும்ப வேண்டும் என்பதைக் குழந்தை தானே கண்டறியும். இதன் முன்னோடி, செருமானியப் பயிற்றுநர் ஓர்சுட் வைன் உருவாக்கிய 'ஃபுனினோ' ஆட்டம் ஆகும்.

இந்தியா: அகில இந்தியக் காற்பந்துக் கூட்டமைப்பு 2018 இல் பன்னிரண்டு வயது வரையான சிறுவர் சிறுமியருக்காக 'கோல்டன் பேபி லீக்' என்ற சிற்றணிப் போட்டித் திட்டத்தைத் தொடங்கியது.

## பன்னாட்டு விதிகளுடன் தொடர்பு

சிற்றணி விதிகள் காற்பந்தின் பொது விதிகளுக்கு முரணானவை அல்ல. விதிகளை வகுக்கும் பன்னாட்டுக் காற்பந்துச் சங்க வாரியம், இளையோர், மூத்தோர், மாற்றுத்திறனாளிகள், அடித்தள நிலை ஆட்டங்கள் ஆகியவற்றுக்குக் களத்தின் அளவு, பந்தின் அளவும் எடையும், கோலின் அளவு, ஆட்ட நேரம், மாற்று ஆட்டக்காரர் முறை ஆகியவற்றை நாட்டுச் சங்கங்கள் மாற்றிக்கொள்ள இடமளிக்கிறது. மாற்றம் குறிப்பிடப்படாத எல்லா இடங்களிலும் பொது விதிகளே பொருந்தும்.

## இவற்றையும் பார்க்க

* காற்பந்தாட்டம்
* காற்பந்தாட்ட விதிகள்
* ஆஃப்சைடு
* ஃபுட்சால்
* மூளை அதிர்ச்சி